மூடுவதற்கு முன்

தியானப் பகுதி: சங்கீதம் 32





இந்த வாரத் தியானம் ஒரு மிதிவண்டியைப் பற்றியது. போதகரின் தியானத்தில் சங்கிலிக்கும் எண்ணெய்க்கும் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் இதை எழுதத் தயக்கமாகவே இருந்தது. மிதிவண்டியைப் பற்றி எழுதுவது கடினமல்ல. அதை எழுதும்போது நான் சொன்ன ஒரு பொய்யையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறதே, அதுதான் தயக்கத்திற்குக் காரணம். சம்பந்தப்பட்டவர்களிடம் அனுமதி பெற்றே எழுதுகிறேன்.

நான் ஊழியம் செய்யும் நெதர்லாந்து நாட்டில் மக்களைவிட மிதிவண்டிகள் அதிகம். உத்ரெக்ட் இரயில் நிலையத்தின் அடியில் மட்டும் 12,500 மிதிவண்டிகளை நிறுத்த இடம் உண்டு. அமைச்சரும் ஆசிரியரும் போதகரும் இங்கே மிதித்தே செல்கிறார்கள். நானும் இங்கு வந்த முதல் மாதத்திலேயே பழைய வண்டி ஒன்றை வாங்கினேன். அது எட்டு கியர்கள் கொண்டது. ஆனால் அந்த எட்டில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது. பின்சக்கரத்தின் நடுவிலுள்ள தடித்த ஹப்புக்குள் சிறு பற்சக்கரங்கள் சுற்றிச் சுற்றி அமைந்து, அத்தனை வேலையையும் உள்ளேயே செய்துவிடுகின்றன. இதை ஹப் கியர் என்பார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரில் வெளிவந்த மூன்று கியர் ஹப், இந்த வகையில் உலகெங்கும் புகழ்பெற்றது. நம் ஊரிலும் பழைய ராலே வண்டி வைத்திருந்த பெரியவர்கள் சிலருக்கு அது நினைவிருக்கலாம்.

ஹப் கியருக்கு ஒரு சிறப்பு உண்டு. பந்தய வண்டிகளில் கியர் மாற்றும்போது சங்கிலி ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. ஆகவே அதை மூடி வைக்க முடியாது. ஹப் கியர் வண்டியிலோ முன்னே ஒரு பல்சக்கரம், பின்னே ஒரு பல்சக்கரம். சங்கிலி ஒரே நேர்கோட்டில் ஓடுகிறது. அதனால் அதை முழுவதுமாக ஓர் உறைக்குள் அடைத்துவிடலாம். நம் ஊரில் ஃபுல் செயின் கவர் என்கிறோம் அல்லவா, அதுதான். டச்சு மொழியில் அதற்குக் கெட்டிங்கஸ்ட் என்று பெயர். சங்கிலியின் அலமாரி என்று பொருள். மழையும் சேறும், குளிர்காலத்தில் பனி உறையாதிருக்கப் பாதைகளில் தூவும் உப்பும் சங்கிலியை அரிக்காதபடி அது காக்கும். சங்கிலியின் கறுப்புக் கறை ஆடையில் படாதபடியும் காக்கும்.

என் வண்டியில் முழு உறை இல்லை. சங்கிலியின் மேற்பகுதியை மட்டும் மறைக்கும் தகடு ஒன்று இருந்தது. ஓர் அடக்க ஆராதனைக்குச் சென்றபோது என் வலது கால்சட்டையில் ஒரு சாண் அளவுக்கு எண்ணெய்க்கறை. கல்லறைத் தோட்டத்தில் நின்று உயிர்த்தெழுதலைக் குறித்துப் பேசிக்கொண்டிருந்தவனுடைய மனம் பாதி அந்தக் கறையிலேயே இருந்தது. மறுவாரமே ஒரு முழு உறை வாங்கினேன். வண்டியின் சட்டத்தில் திருகாணியால் பொருத்தப்படாமல், சங்கிலியின் மேலேயே மிதந்தபடி இருக்கும் பிளாஸ்டிக் உறை அது. முன்பகுதி இரண்டு துண்டு, பின்பகுதி இரண்டு துண்டு; நான்கையும் ஒன்றோடொன்று செருகினால் முடிந்தது.

நவம்பர் மாதத்தின் ஒரு சனிக்கிழமை மாலை. மறுநாள் பிரசங்கம் இன்னும் முடியவில்லை. உறையோடு வந்த குறிப்புத்தாள், பொருத்துவதற்கு முன் சங்கிலியைச் சுத்தம் செய்து அதன் தேய்மானத்தையும் இறுக்கத்தையும் சரிபார்க்கச் சொன்னது. என் சங்கிலி துருவேறித் தொய்ந்திருந்தது எனக்குத் தெரியும். மேடேறும்போது அது பல்லிலிருந்து நழுவப் பார்ப்பதையும் பல நாள் உணர்ந்திருந்தேன். எனினும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணி, இருந்தபடியே அதன் மேல் உறையை மாட்டினேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வண்டி புதிதாக வாங்கியதுபோல் காட்சியளித்தது.

எங்கள் சபையில் மூத்த சகோதரர் ஒருவர் இருக்கிறார். 1980-களின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பல ஆண்டுகள் மிதிவண்டிக் கடையொன்றில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது என் வண்டியைக் கண்டு நின்றார். குனிந்து உறையை விரலால் தட்டிப் பார்த்தார்.

“பாஸ்டர், மூடுறதுக்கு முதல் செயினைப் பாத்தனீங்களோ?”

“பார்த்தேன் அண்ணன்” என்றேன்.

ஒரே ஒரு சொல். யோசித்துச் சொன்னதுமல்ல. அவர் முன்னால் கவனமற்றவனாகத் தோன்றக் கூடாது என்ற சிறிய வெட்கம் என் நாவை முந்திக்கொண்டது. சற்று முன்னர்தான் பிரசங்க பீடத்திலிருந்து இறங்கியிருந்தேன். அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு நான் உண்மையில் மூடியது எது என்று இப்பொழுது விளங்குகிறது.

அதன்பின் இரண்டு மாதங்கள் வண்டி ஓடியது. உறைக்குள்ளிருந்து சரசரவென்ற ஓர் உரசல் ஓசை வந்துகொண்டே இருந்தது. புது உறையின் ஓசை போலும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உறை இல்லாதிருந்தால் துருவைக் கண்ணாவது கண்டிருக்கும். இப்போது ஓசை மட்டுமே மிஞ்சியது. அதற்கும் நாளடைவில் செவி பழகிவிட்டது.

ஜனவரியில் ஓர் இரவு பத்து மணியளவில் தொலைபேசி அழைப்பு வந்தது. சபையின் வயது முதிர்ந்த தாயார் ஒருவர் மருத்துவமனையில் இறுதிக் கட்டத்தில் இருந்தார். “அம்மா உங்களைக் கேக்கிறா” என்றாள் மகள். ஆறு கிலோமீட்டர் தூரம். இருபத்தைந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டேன். பாதி வழியில், கால்வாய்ப் பாலமொன்றின் ஏற்றத்தில், மிதி திடீரென்று வெறுமையாகச் சுழன்றது. சங்கிலி பின் பல்சக்கரத்திலிருந்து கழன்று உறைக்குள்ளேயே சிக்கிக்கொண்டது.

அப்போதே ஒருவரை உதவிக்கு அழைத்திருக்கலாம். நான் அழைக்கவில்லை, நானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். விளக்குக் கம்பத்தின் அடியில் முழந்தாளிட்டு, குளிரில் மரத்த விரல்களால் உறையின் இணைப்புகளைக் கழற்ற முயன்றேன். திறப்பது எப்படியென்று நான் கற்றிருக்கவே இல்லை; மூடுவதற்கு மட்டும் கற்றிருந்தேன். இருபது நிமிடங்கள் அப்படியே கழிந்தன. கடைசியில் மகிழுந்து வைத்திருக்கும் ஒரு சகோதரரை அழைத்தேன். அவர் வந்து என்னை ஏற்றிக்கொண்டு மருத்துவமனையை அடைந்தபோது, அந்தத் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்து பத்து நிமிடங்கள் ஆகியிருந்தன.

குடும்பத்தார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அவர்களோடு ஜெபித்தேன். தாமதத்திற்குக் காரணம் கேட்டபோது, “வண்டி திடீரென்று பழுதாகிவிட்டது” என்றேன். வண்டி பழுதானது மெய். திடீரென்று என்பது மெய்யல்ல. முதல் பொய்யின் மேல் இரண்டாவது உறையும் அன்றிரவு மாட்டப்பட்டது.

அடக்க ஆராதனைக்குப் பின் வந்த வாரத்தில், ஞாயிறு செய்திக்காக 32-ஆம் சங்கீதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். முன்பே திட்டமிட்டிருந்த பகுதிதான். பாவம் மூடப்பட்டவனைப் பாக்கியவானென்று சொல்லித் தொடங்குகிறது சங்கீதம். ஐந்தாம் வசனத்திலோ, தன் அக்கிரமத்தை மறைக்கவில்லை என்று தாவீது அறிக்கையிடுகிறார். நம் தமிழ் வேதாகமத்தில் மூடுதல், மறைத்தல் என்று இரண்டு சொற்கள் வருகின்றன. எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே வினை: காசா. அதே வினைதான், மீறுதல்களை மறைக்கிறவனை எச்சரிக்கும் நீதிமொழிகள் 28:13-இலும் வருகிறது. அன்பு செய்யும் காரியத்தைப் போற்றும் நீதிமொழிகள் 10:12-இலும் வருகிறது. அந்தப் பத்தாம் அதிகார வசனத்தின் கருத்தையே அப்போஸ்தலனாகிய பேதுருவும் தம் முதலாம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் எடுத்தாளுகிறார்.

ஒரே செயல் ஓரிடத்தில் பாக்கியம், இன்னோரிடத்தில் கேடு. பல முறை வாசித்த சங்கீதந்தான்; அன்றைக்கு என்னால் அதைக் கடந்து போக முடியவில்லை. வேறுபாடு எங்கே இருக்கிறது? மூடுவது யார் என்பதில் இருக்கிறது. மூடுமுன் என்ன நடந்தது என்பதிலும் இருக்கிறது. தாவீது மௌனமாக மறைத்திருந்த காலத்தில் உள்ளே உலர்ந்துபோனார். மூன்றாம் நான்காம் வசனங்கள் அந்த வேதனையைச் சொல்கின்றன. அவர் திறந்து காட்டினார்; தேவன் மன்னித்து மூடினார். நான் திறந்து காட்டாமலே மூடினேன். ஆகையால் அது எனக்கு உறையாக இராமல் ஒளிப்பிடமாயிற்று.

செய்தியைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டு அந்த மூத்த சகோதரரின் வீட்டிற்குப் போனேன். “அண்ணன், அன்றைக்கு நீங்கள் கேட்டபோது பார்த்தேன் என்று சொன்னேன். நான் பார்க்கவில்லை” என்றேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “வண்டியைக் கொண்டு வாங்கோ” என்றார்.

அவருடைய பின்கொட்டகையில் அன்று மாலை முழுவதும் வேலை நடந்தது. முதலில் உறையின் நான்கு துண்டுகளையும் எந்த இடத்தில் அழுத்தினால் கழலும் என்று காட்டி, மூன்று முறை என்னையே கழற்றி மாட்டச் செய்தார். உள்ளே சங்கிலி செங்கல் நிறத்தில் இருந்தது. ஓர் அடிமட்டத்தை எடுத்துச் சங்கிலியின் மேல் வைத்தார். சங்கிலியின் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே சரியாக அரை அங்குலம் இருக்க வேண்டும்; ஆகவே இருபத்துநான்கு கண்ணிகள் சேர்ந்தால் பன்னிரண்டு அங்குலம். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் சங்கிலியை மாற்றிவிட வேண்டும். என்னுடையது எட்டில் ஒரு பங்கையும் தாண்டியிருந்தது. அதோடு ஓடிய பின் பல்சக்கரத்தின் பற்களும் ஒருபுறம் வளைந்து தேய்ந்திருந்தன. “இதுக்கு மேல புதுச் செயினைப் போட்டா அதையும் இது தின்னும்” என்று சொல்லி, அதையும் மாற்றினார்.

பின்சக்கரத்தை மறுபடி பொருத்துகையில் அவர் செய்த ஒன்றை நான் மறக்க மாட்டேன். சக்கரத்தைப் பின்னோக்கி இழுத்துச் சங்கிலியை இறுக்கினார். நடுவில் விரலால் தூக்கி அழுத்தினால் மேலும் கீழுமாக அரை அங்குலம் அசைய வேண்டும் என்றார். அசைந்தது. போதும் என்று எண்ணி நான் ஸ்பேனரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மிதியை மெல்லச் சுற்றியபடி வெவ்வேறு இடங்களில் நிறுத்தி நிறுத்தி அழுத்திப் பார்த்தார். எந்தப் பல்சக்கரமும் முழு வட்டமாக இராது. சுற்றும்போது சங்கிலி ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேதான் அளவு பார்க்க வேண்டும். வசதியான இடத்தில் பார்த்துவிட்டுச் சரியென்று சொல்லிவிடக் கூடாது.

பிறகு கியரை நான்கில் வைத்து, ஹப்பின் ஓரத்திலுள்ள இரண்டு மஞ்சள் கோடுகளும் நேருக்கு நேர் வரும்படி கேபிளைத் திருத்தினார். சங்கிலியின் உருளைகளுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்தார். அதன்பின்பே உறையை எடுத்தார். அதை மாட்டுமுன் உட்புறத்தில் அழியாத மையால் அன்றைய தேதியை எழுதினார். “ஆறு மாதத்துக்கு ஒருக்காத் திறந்து பாத்து, கீழ அடுத்த தேதியை எழுதுங்கோ. மூடினாப் பிறகு ஒருத்தரும் பாக்கமாட்டினம். அதாலதான் நீங்கள் பாக்கவேணும்.”

கடைசியில் மிதியைப் பின்னோக்கிச் சுற்றிவிட்டு இருவரும் காது கொடுத்துக் கேட்டோம். உரசல் இல்லை. மென்மையான ஓசை ஒன்று மட்டும் இருந்தது. அதே உறைதான். நவம்பரில் நான் மாட்டியதும் அன்று அவர் மாட்டியதும் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றாகவே தோன்றும்.

அத்தோடு முடிந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மறுநாள் அந்தத் தாயாரின் மகளைச் சந்தித்தேன். திடீரென்று என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். சங்கிலி கெட்டிருந்தது எனக்கு முன்பே தெரியும் என்றும், பாலத்தருகே இருபது நிமிடம் என் பிடிவாதத்தினால் கழிந்தது என்றும் சொன்னேன். உடனே ஆறுதல் கிடைக்கும் என்று உள்ளூர எதிர்பார்த்திருந்தேன் போலும். அவள் நெடுநேரம் சன்னலையே பார்த்திருந்தாள்.

“அம்மா ரெண்டு தரம் கேட்டவ, பாஸ்டர். வாறார், வாறார் எண்டு நான் சொல்லிக்கொண்டிருந்தனான்.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. புறப்படும்போது வாசல் வரை வந்தவள், “வந்து சொன்னது நல்லது. இல்லாட்டி நான் வண்டியைத்தான் கோவிச்சிருப்பன்” என்றாள். அது மன்னிப்பா என்று நான் கேட்கவில்லை. அவளுடைய வேளையில் அவள் சொல்லட்டும். கடந்த மாதம் தாயாரின் நினைவு ஜெபத்தை நடத்த வேண்டுமென்று அவளே என்னை அழைத்தாள். அரை மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன்.

பிரியமானவர்களே, மூடுதல் தன்னில் தானே தீதன்று. ஹப்புக்குள் கியர்கள் மறைந்திருந்தே வண்டியை ஓட்டுகின்றன. நம் ஜெபமும் தர்மமும் அந்தரங்கத்தில் இருக்க வேண்டுமென்றே ஆண்டவர் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் போதித்தார். சகோதரனுடைய குறையை ஊரறியச் செய்யாமல் அன்பினால் மூடுவதும் நம் கடமை. மனந்திரும்பினவனுடைய பழைய பாவத்தை மீண்டும் தோண்டி எடுக்க நமக்கு அதிகாரமில்லை. ஆனால் துருவின் மேல் போட்ட உறை துருவை நீக்காது. உப்பும் ஈரமும் முன்பே உள்ளே இருக்குமானால் அவற்றையும் சேர்த்தே அது பாதுகாக்கும்.

நம் வீடுகளில், சபைகளில், எத்தனை காரியங்களைச் சமாதானத்தின் பேரில் இப்படி மூடியிருக்கிறோம்! பங்குப் பிரிவினையில் பேச்சற்றுப்போன அண்ணன் தம்பிகள் திருவிருந்தில் அடுத்தடுத்து முழந்தாளிடுகிறார்கள். கணக்கில் வந்த சிறு பிசகு அடுத்த ஆண்டுக் கணக்கினால் மறைக்கப்படுகிறது. வெளித்தோற்றம் ஒழுங்காக இருக்கிறது. உள்ளிருந்து மட்டும் ஓர் உரசல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்கும் நம் செவி பழகிவிடுகிறது. நம்மை நம்பி ஒருவர் காத்திருக்கும் இரவில், ஏற்றத்தின் நடுவில், அது கழன்று விழுகிறது.

இந்த வாரம் ஒரு காரியத்தைச் செய்வோம். பிரச்சினை எதுவும் தெரியாத வசதியான இடத்தில் நம்மை அளந்து பார்த்துத் திருப்தியடையாமல், நாம் இறுகிப்போகும் இடம் எதுவென்று தேடுவோம். எந்தப் பெயரைக் கேட்டால் முகம் சுருங்குகிறது? எந்தக் கேள்விக்கு யோசியாமலே “பார்த்தேன்” என்று சொல்லிவிடுகிறோம்? அங்கே திறப்போம். முதலாவது தேவனிடத்தில், பின்பு தேவைப்படும் மனிதரிடத்தில். அவர் சுத்திகரித்து மூடுவதை ஒருவராலும் திறந்து நம்மைக் குற்றஞ்சாட்ட முடியாது.

என் வண்டியின் உறைக்குள் இப்போது இரண்டு தேதிகள் இருக்கின்றன. இரண்டாவதை எழுதியது நான்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, மனிதர் பார்வைக்கு நாங்கள் மூடி வைத்தவை உமது கண்களுக்கு வெளியரங்கமாயிருக்கின்றன. உம்மிடத்தில் திறந்து காட்டத் தைரியம் தாரும். எங்கள் கவனக்குறைவினால் காத்திருந்து ஏமாந்தவர்களை நீரே தேற்றும். அவர்களிடத்தில் உண்மையைச் சொல்ல எங்களுக்குத் தாழ்மையைத் தாரும். குமாரனுடைய இரத்தத்தினால் எங்களைச் சுத்திகரித்து, உமது கிருபையினால் எங்களை மூடும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.